அமெரிக்காவில் கோர்ட் ரிப்போர்ட்டர் ஆவதற்கு எங்கே, எப்படிப் பயிற்சி பெறுவது?

அமெரிக்காவில் வேலை அனுமதியோடு வசிக்கும் ஒருவர், ஏற்கெனவே ஆங்கிலத் தட்டச்சிலும் பிட்மன் சுருக்கெழுத்திலும் தேர்ச்சி பெற்றவர், அங்குள்ள நீதிமன்றங்களில் கோர்ட் ரிப்போர்ட்டராகப் பணிபுரிய என்ன பயிற்சி தேவை, அது எத்தனை ஆண்டு பிடிக்கும், எங்கே சேரலாம் என்று கேட்டிருக்கிறார். கணினியே பேச்சை எழுத்தாக்கிவிடும் இந்தக் காலத்தில் இதற்காக மெனக்கெடலாமா என்பதும் அவருடைய ஐயம். பெரும்பாலோர் முதலில் பள்ளியைத் தேடிப் பிடித்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகே மற்றவற்றை விசாரிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. எந்த மாநிலத்தில் வேலை செய்யப்போகிறோம் என்பது முதலாவது, அந்த மாநிலம் ஏற்கும் பதிவு முறைகளுள் எது நமக்கு ஒத்துவரும் என்பது இரண்டாவது, பள்ளி என்பது மூன்றாவது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

இங்கே பேசப்படும் ரிப்போர்ட்டர் நாளிதழுக்குச் செய்தி எழுதுபவர் அல்லர். நீதிமன்றத்தில் நீதிபதி, வழக்கறிஞர், சாட்சி ஆகியோர் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே பதிந்து, பிறகு பிழையற்ற எழுத்துப்படியாக்கி, இது உண்மையான முழுமையான பதிவு என்று சான்றளித்துக் கையொப்பமிடுபவர். மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திரும்பப் பரிசீலிக்கும்போது அதன் கையில் இருப்பது அந்த எழுத்துப்படிதான். நீதிமன்ற அறைக்கு வெளியே, வழக்கறிஞர் அலுவலகங்களில் விசாரணைக்கு முன்பே சாட்சியிடம் பெறப்படும் டெபசிஷன் என்னும் வாக்குமூலத்தைப் பதிவதும் இவர்களுடைய வேலையே. இத்தொழிலில் உள்ளவர்களில் கணிசமானோர் நீதிமன்ற ஊழியர்களாக இல்லாமல், டெபசிஷன்களை நம்பித் தனித்து இயங்குபவர்கள்.

பதிவு முறைகள் இன்று மூன்று. ஸ்டெனோ இயந்திரத்தில் விரல்களால் எழுதுவது ஒன்று. முகமூடி போன்ற ஒலிவாங்கிக்குள் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் திரும்பச் சொல்லி, பேச்சறி மென்பொருளைக் கொண்டு எழுத்தாக்குவது இன்னொன்று. பல ஒலிவாங்கிகளில் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து, உடனுக்குடன் குறிப்பெழுதி, எழுத்துப்படியைப் பின்னர் தயாரிப்பது மூன்றாவது. இவற்றுக்கான பயிற்சிக் காலம், செலவு, வேலை கிடைக்கும் இடம், வருமானம் எல்லாமே வேறுபடுகின்றன.

ஸ்டெனோ இயந்திரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கேள்வி கேட்டவரின் பின்னணிக்கு அதுவே நெருக்கமானது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வார்ட் ஸ்டோன் அயர்லாந்து என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர் 1910-களின் தொடக்கத்தில் உருவாக்கிய விசைப்பலகை அமைப்புதான், சிற்சில மாற்றங்களோடு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மேலே எண்களுக்கான பட்டை ஒன்றை விட்டுவிட்டால், விசைகள் மொத்தம் 22 மட்டுமே. இடக்கை விரல்கள் அசையின் தொடக்க மெய்களையும், இரு கட்டைவிரல்கள் உயிரொலிகளையும், வலக்கை விரல்கள் அசையின் இறுதி மெய்களையும் கவனித்துக்கொள்கின்றன. தட்டச்சில் போல எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை, ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதைப் போல ஓர் அசைக்குரிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தி ஒரே நேரத்தில் விட வேண்டும். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு இடக்கையில் 'கே', கட்டைவிரலில் 'ஏ', வலக்கையில் 'டி' (T) ஆகிய மூன்றும் ஒன்றாக விழும். நாயைக் குறிக்கும் சொல்லுக்கு ஒரு சிக்கல் உண்டு, ஏனெனில் இடப்பக்கத்தில் 'டி'யின் மெல்லொலிக்கு (D) தனி விசையே கிடையாது. வல்லொலி 'டி'யையும் (T) 'கே'யையும் சேர்த்து அழுத்தினால் அதுவே மெல்லொலி ஆகும். இப்படியே 'பி' விசையும் 'எச்' விசையும் சேர்ந்தால் 'எம்', அதோடு 'டி'யும் சேர்ந்தால் 'என்'. தொடக்கத்தில் இது தலைசுற்ற வைக்கும், ஆனால் சில மாதங்களில் விரலுக்குப் பழகிவிடும். பயிற்சியின் கடினமான பகுதி இதுவன்று.

எந்த ஒலிக்கூட்டத்தை எப்படி எழுதுவது என்ற விதிகளின் தொகுப்பைத் தியரி என்கிறார்கள். ஸ்டெனெட், ஃபீனிக்ஸ், மேக்னம் ஸ்டெனோ என்று பல தியரிகள் உள்ளன. சொற்களை ஒலிப்படி முழுமையாக, ஓரிரு அழுத்துகள் கூடுதலானாலும் பரவாயில்லை என்று எழுதுவது ஒரு வகை. பெருமளவு சுருக்கங்களை மனப்பாடம் செய்து, ஒரு முழுத் தொடரையே ஒரே அழுத்தில் முடிப்பது மற்றொரு வகை. முதல் வகையில் நினைவாற்றலின் சுமை குறைவு, விரலின் சுமை அதிகம். இரண்டாம் வகையில் அது அப்படியே மாறும். மேக்னம் ஸ்டெனோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை உருவாக்கிய மார்க் கிஸ்லிங்பரி 2004-இல் நிமிடத்துக்கு 360 சொல் வேகத்தில் எழுதிக் கின்னஸ் சாதனை படைத்தவர். எந்தத் தியரி சிறந்தது என்ற வாதம் இத்தொழிலில் ஓய்வதே இல்லை, என் கருத்தில் அந்த வாதத்துக்கு அத்தனை மதிப்பும் இல்லை. எல்லாத் தியரிகளிலிருந்தும் நல்ல சுருக்கெழுத்தர்கள் வந்திருக்கிறார்கள். பாதியில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் தியரியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

கடினமான பகுதி வேகம். தேசிய நீதிமன்ற ரிப்போர்ட்டர்கள் சங்கம், 1899-இல் தொடங்கிய என்.சி.ஆர்.ஏ., வழங்கும் அடிப்படைச் சான்றிதழ் ஆர்.பி.ஆர். எனப்படும். எழுத்துத் தேர்வு ஒன்றும், மூன்று வேகத் தேர்வுகளும் அதில் அடங்கும். இலக்கிய நடையில் அமைந்த பகுதி நிமிடத்துக்கு 180 சொல், நீதிபதி ஜூரிகளுக்குத் தரும் அறிவுறுத்தல் 200 சொல், கேள்வி-பதில் வடிவிலான சாட்சியம் 225 சொல். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் வாசிக்கப்படும், அதை எழுத்தாக்க 75 நிமிடம் தரப்படும், 95 விழுக்காடு பிழையின்றி இருக்க வேண்டும். சாட்சியப் பகுதியைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் 1,125 சொற்கள், அதாவது நொடிக்கு ஏறத்தாழ நான்கு. அவற்றில் 56 பிழை வரை பொறுக்கப்படும். இப்படிச் சொன்னால் தாராளமாகத் தோன்றும். ஆனால் ஒரு கணம் தயங்கிப் பத்துச் சொல் கொண்ட வாக்கியம் ஒன்றைத் தவறவிட்டால் பத்துப் பிழை போய்விடும். அப்படி ஐந்தாறு தயக்கங்கள் போதும், தேர்வு கையை விட்டுப் போய்விடும். மூன்று பகுதிகளையும் ஒரே அமர்வில் தேற வேண்டியதில்லை, தேறியதை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது ஓர் ஆறுதல்.

தியரி முடிந்ததும் பள்ளிகள் மாணவரை 60 சொல் அளவில் தொடங்கி, படிப்படியாக 225 வரை ஏற்றுகின்றன. ஒவ்வொரு படியிலும் குறித்த எண்ணிக்கையிலான தேர்வுகளில் தேறினால்தான் அடுத்த படி. இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில், பெரும்பாலும் 140-க்கு மேல், மாதக் கணக்கில் தேக்கம் வரும். அது எல்லாருக்கும் வரும். பிட்மனில் உயர்வேகம் பயின்றவர் இந்தத் தேக்கத்தை ஏற்கெனவே ஒருமுறை கண்டிருப்பார், எனவே அவருக்கு அது அதிர்ச்சியாக இராது. சேர்ந்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் படிப்பை முடிப்பதில்லை என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த செய்தி. அவர்கள் விலகுவது பாடம் புரியாமல் அன்று, இந்தத் தேக்கத்தில் பொறுமை இழந்துதான். பள்ளிகளின் விளம்பரத்தில் இரண்டு ஆண்டு என்றிருக்கும். நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் இயந்திரத்தின் முன் அமர முடிந்தவர்களுக்கு அது நடக்கக்கூடியதே. குடும்பப் பொறுப்பும் வேறு வேலையும் உள்ளவர்கள் மூன்று முதல் நான்கு ஆண்டு என்று திட்டமிட்டுக்கொள்வதுதான் யதார்த்தம்.

வேகப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். 160-இல் நிற்கும் மாணவர், அதே வேகத்திலேயே மணிக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் 160-இலேயே நிற்பார். நல்ல ஆசிரியர் அவரை 180-க்கும் 190-க்கும் தள்ளி, ஒரு நிமிடத் துண்டுகளாக எழுத வைப்பார். சொற்கள் உதிரும், விரல் தடுமாறும், எழுதியதைப் படித்தால் பாதி புரியாது. ஆனாலும் நிறுத்தித் திருத்தக் கூடாது, உதிர்ந்ததை உதிர்ந்ததாக விட்டு அடுத்த சொல்லைப் பிடிக்க வேண்டும். அதே துண்டை மூன்று நான்கு முறை எழுதிய பின் 160-க்கு இறங்கினால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த குரல் இப்போது நடப்பதுபோல் கேட்கும். இதோடு, பேசுபவரைவிட நான்கைந்து சொல் பின்தங்கி, அவற்றை நினைவில் சுமந்தபடியே எழுதும் பழக்கமும் வர வேண்டும். வாயிலிருந்து வந்த உடனே ஒவ்வொரு சொல்லையும் துரத்துபவர், எண்ணோ அயல்நாட்டுப் பெயரோ குறுக்கிட்டால் அங்கேயே தொலைந்துபோவார். ஒரு பள்ளியின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த சிறந்த கேள்வி, வேகப் பயிற்சியை எப்படி நடத்துகிறீர்கள் என்பதுதான். பதிவு செய்த ஒலிக்கோப்புகளைத் தந்துவிட்டு, தேர்வில் சந்திப்போம் என்று விட்டுவிடும் இடம் ஒருவகை. மாணவரின் குறிப்புகளை வாரந்தோறும் படித்துப் பார்த்து, எந்த விரல் பின்தங்குகிறது, எந்தத் தொடருக்குச் சுருக்கம் தேவைப்படுகிறது என்று சுட்டிக்காட்டும் ஆசிரியர் இருக்கும் இடம் வேறுவகை. கட்டணத்தைக் கொடுப்பதானால் இரண்டாவதற்குக் கொடுக்க வேண்டும்.

இப்போது மாநிலத்தை முதலில் தீர்மானிக்கச் சொன்னதன் காரணத்துக்கு வருகிறேன். அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான உரிமம் எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் சி.எஸ்.ஆர். என்ற மாநில உரிமம் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதன் செயல்முறைத் தேர்வில் நான்கு பேர் பேசுவது போன்ற உரையாடல், நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில், பத்து நிமிடம் வாசிக்கப்படும். தேவைப்படும் துல்லியம் 97.5 விழுக்காடு. 225-ஐ விட 200 எளிது என்று எண்ணிவிடக் கூடாது. 2,000 சொற்களுக்கு 50 பிழைதான் அனுமதி. ஆர்.பி.ஆரின் 200 சொல் பகுதியில் ஐந்து நிமிடத்துக்குக் கிடைக்கும் அதே 50 பிழையை, இங்கே பத்து நிமிடத்துக்குப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டெக்சாசிலும் மாநிலச் சான்றிதழ் கட்டாயம், அதன் வேகங்கள் ஆர்.பி.ஆரைப் போலவே 180, 200, 225. புளோரிடா போன்ற சில மாநிலங்களில் மாநில அளவிலான உரிமம் இல்லை, அங்கே வேலை தருபவர்கள் ஆர்.பி.ஆர். போன்ற சான்றிதழைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மறுகோடியில் அலாஸ்கா, மாநிலமாக ஆன காலம் தொட்டே தன் நீதிமன்றங்களில் ஒலிப்பதிவைத்தான் நம்பியிருக்கிறது. அங்கு வாழ்பவர் ஸ்டெனோ பயின்று உள்ளூர் நீதிமன்றத்தில் வேலை தேடுவது வீண். கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிரந்தர ரிப்போர்ட்டர் பதவி நல்ல ஊதியம் உள்ளது, ஆனால் நான்கு ஆண்டு முன்அனுபவம் கேட்பார்கள், எனவே அது புதியவருக்கான வாசல் அன்று. இந்த விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன, ஆகையால் பள்ளியின் விளம்பரத்தை நம்பாமல், மாநில உரிம வாரியத்தின் தற்போதைய விதியைத் தாமே படித்துப் பார்ப்பது அவசியம்.

பணம் கட்டும் முன் இந்த வேலை நமக்கு வருமா என்று சோதித்துப் பார்க்க நல்ல வழிகள் உள்ளன, அவற்றைப் பயன்படுத்தாமல் நேரே பள்ளியில் சேர்வது புத்திசாலித்தனம் அன்று. என்.சி.ஆர்.ஏ. நடத்தும் ஏ டு இசட் என்ற அறிமுகப் பயிற்சி சில வாரங்கள் நீடிப்பது, அதற்குக் கட்டணம் இல்லை. பிராஜக்ட் ஸ்டெனோ என்ற இலாப நோக்கற்ற அமைப்பும் இதே போன்ற இலவச அடிப்படைப் பயிற்சியைத் தருகிறது. இரண்டிலும் விசைப்பலகையின் எழுத்துகளையும் எளிய சொற்களையும் பணியில் உள்ள ரிப்போர்ட்டர்கள் கற்றுத்தருகிறார்கள். அது முடியும்போது இதில் தமக்கு ஈடுபாடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலோருக்குத் தெளிவாகிவிடும். முற்றிலும் தனியே முயல விரும்புபவர்களுக்கு ஓப்பன் ஸ்டெனோ பிராஜக்ட் வெளியிடும் பிளோவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நியூயார்க்கில் பேச்சைத் திரையில் உடனுக்குடன் எழுத்தாகத் தரும் கேப்ஷனரான மிராபாய் நைட் தொடங்கிய முயற்சி அது. பல விசைகளை ஒரே நேரத்தில் உணரக்கூடிய சாதாரண கணினி விசைப்பலகையிலேயே அதைப் பழகலாம். பிளோவரைக் கொண்டு தியரி வரை தனியே வந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து 225 வரை ஆசிரியரோ சக மாணவரோ இல்லாமல் ஏறுவது மிக அரிது, அதை என்னால் பரிந்துரைக்க இயலாது.

பள்ளிகளைப் பொறுத்தவரை, அரசு சார்ந்த சமுதாயக் கல்லூரிகளையே முதலில் பார்க்கச் சொல்வேன். ஒஹையோவின் குயஹோகா சமுதாயக் கல்லூரி, அயோவாவின் டி மாயின் பகுதிச் சமுதாயக் கல்லூரி, அலபாமாவின் கேட்ஸ்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரி போன்றவை இத்துறையில் பெயர் பெற்றவை. நியூயார்க்கின் பிளாசா கல்லூரி தனியார் நிறுவனம். இவை போன்ற இடங்களில் இணையவழி வகுப்புகளும் பெருகியுள்ளன, எனவே அதே ஊரில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் கூட்டாட்சிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் இணையப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்த அங்கீகாரம் இருப்பதில்லை, அதற்குப் பதிலாக மாதக் கட்டணமாக வாங்குகிறார்கள். மாதக் கட்டணம் பார்வைக்குச் சிறியது, ஆனால் 160-இல் எட்டு மாதம் தேங்கி நின்றால் அந்த எட்டு மாதத்துக்கும் கட்ட வேண்டியிருக்கும். எந்தப் பள்ளியானாலும், சென்ற மூன்றாண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மாநிலத் தேர்விலோ ஆர்.பி.ஆரிலோ தேறினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கலிபோர்னியா வாரியம் தேர்வு முடிவுகளைப் பள்ளி வாரியாகவே வெளியிடுகிறது. நேரடியான பதில் தராமல் வேலைவாய்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் பள்ளியை விட்டு விலகிவிடலாம்.

கட்டணத்துக்கு அப்பால் கருவிச் செலவு இருக்கிறது. தொழில்முறை ஸ்டெனோ இயந்திரம் புதிதாக வாங்கினால் 5,000 டாலரைத் தாண்டும். மாணவர்கள் பழைய இயந்திரத்தையோ வாடகை இயந்திரத்தையோ வைத்துக்கொள்வதே வழக்கம். அழுத்துகளைச் சொற்களாக மாற்றும் கேஸ் கேட்டலிஸ்ட், எக்லிப்ஸ் போன்ற மென்பொருள்களுக்கு மாணவர் பதிப்புகள் உண்டு. இந்த மென்பொருளுக்குள் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அகராதியை வளர்த்துக்கொள்கிறார்கள். அதில் இல்லாத அழுத்து திரையில் பொருளற்ற எழுத்துக் கூட்டமாக வந்து நிற்கும். எனவே இயந்திரத்தின் விலையைவிட அந்த அகராதியை நாளும் பராமரிக்கும் ஒழுக்கம்தான் முக்கியம்.

இரண்டாவது முறையான குரல்வழிப் பதிவு, நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாதது, ஆனால் தீவிரமாகப் பரிசீலிக்கத் தக்கது. சிகாகோவைச் சேர்ந்த ஹொரேஸ் வெப் என்ற, கிரெக் முறையில் எழுதும் சுருக்கெழுத்தர் 1940-களில் உருவாக்கிய ஸ்டெனோமாஸ்க்கில் இருந்து வளர்ந்த முறை இது. வாயை மூடும் ஒலி கசியாத முகமூடிக்குள், கேட்டதையெல்லாம் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பேசுபவர் மாறியதற்கான குறிச்சொல் ஆகியவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டும். பேச்சறி மென்பொருள் அவருடைய குரலுக்கென்றே பழக்கப்படுத்தப்பட்டிருக்கும். ஒருவர் பேசுவதைக் கேட்டபடியே, அதே நேரத்தில் அதற்கு முந்தைய வாக்கியத்தைத் தாம் பேசுவது முதல் வாரத்தில் பலருக்கும் இயலாத காரியமாகத் தோன்றும். ஆனாலும் விரல் பயிற்சியின் நீண்ட தேக்கம் இதில் இல்லாததால், முயற்சி உடையவர்கள் ஓராண்டு அளவிலேயே சான்றிதழ் வேகத்தை எட்டிவிடுகிறார்கள். தேசிய வெர்பேட்டிம் ரிப்போர்ட்டர்கள் சங்கம், என்.வி.ஆர்.ஏ., இதற்கான சி.வி.ஆர். சான்றிதழை வழங்குகிறது. கலிபோர்னியா அண்மை ஆண்டுகளில்தான் குரல்வழிப் பதிவாளர்களுக்கும் உரிமம் தரத் தொடங்கியது. இன்னும் ஏற்காத இடங்களும் உள்ளன. மாநிலத்தை முதலில் பாருங்கள் என்ற அறிவுரை இங்கேதான் மிகவும் பொருந்தும்.

தமிழ் உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுபவருக்கு இது சரிவருமா என்று தயங்க வேண்டியதில்லை. மென்பொருள் பழகுவது நம் குரலோடுதான், அமெரிக்கர் போலப் பேச வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஒரே சொல்லை எப்போதும் ஒரே மாதிரி உச்சரிக்க வேண்டும், மேற்பல் கீழுதட்டைத் தொடப் பிறக்கும் 'வி'யும் இதழ் குவியும் 'டபிள்யூ'வும் நம் வாயில் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சரிப்பைவிடப் பெரிய தடை கேட்புத்திறன். இது மூன்று முறைகளுக்கும் பொது. தெற்கு மாநிலங்களின் இழுவைப் பேச்சு, நகரத்து இளைஞரின் கொச்சை, அறுவை மருத்துவரின் கலைச்சொல் அடுக்கு, மூன்றையும் ஒரே நாளில் கேட்க நேரலாம். பாடத்திட்டத்தில் சட்டச் சொற்கள், மருத்துவச் சொற்கள், இலக்கணம், நிறுத்தக்குறிகள் எல்லாம் இடம்பெறும். அவற்றுள் நிறுத்தக்குறியை அலட்சியப்படுத்துபவர்களே அதிகம், ஆனால் ஒரு காற்புள்ளி சாட்சியின் பதிலைப் புரட்டிப்போட்டுவிடும்.

மூன்றாவது முறையான எண்ணிம ஒலிப்பதிவுக்குப் பயிற்சி மிகக் குறைவு, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் போதும். கருவிகளை இயக்குவது, ஒவ்வொரு ஒலித்தடத்தையும் காதணியில் கண்காணிப்பது, யார் எப்போது பேசினார் என்று நேரத்தோடு குறிப்பது, ஒலி தெளிவில்லாதபோது துணிந்து குறுக்கிட்டு மீண்டும் சொல்லச் சொல்வது ஆகியவையே வேலை. ஏ.ஏ.இ.ஆர்.டி. என்ற சங்கம் இதற்கான சான்றிதழ்களை வழங்குகிறது. கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளின் 30-ஆம் விதி டெபசிஷனை ஒலிப்பதிவு, ஒலி-ஒளிப்பதிவு, சுருக்கெழுத்து ஆகிய எந்த முறையிலும் பதிய இடம் தருகிறது. மாநில விதிகள் அப்படி ஒரே மாதிரியாக இல்லை. உடனே வருமானம் வேண்டும், மூன்றாண்டு காத்திருக்க இயலாது என்பவருக்கு இது பொருத்தமான நுழைவாயில். வருமானம் ஸ்டெனோவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேச்சறி மென்பொருள் இவர்களுடைய வேலையைப் பறித்துவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒருவர் மட்டும் தெளிவாகப் பேசினால் இன்றைய மென்பொருள் நன்றாகவே எழுதுகிறது. நீதிமன்றத்தில் அப்படி நடப்பதில்லை. இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே நேரத்தில் ஆட்சேபிப்பார்கள், சாட்சி தலையை மட்டும் அசைப்பார், பெயர்கள் அகராதியில் இரா. அங்கே நிறுத்தி, வாயால் பதில் சொல்லுங்கள் என்று கேட்க ஓர் ஆள் தேவை. எழுத்துப்படி சரியானது என்று பொறுப்பேற்றுக் கையொப்பமிடவும் ஓர் ஆள் தேவை. மறுபக்கம், ஆள் பற்றாக்குறை உண்மையானது. 2013-14-இல் வெளியான டக்கர் நிறுவனத்தின் ஆய்வறிக்கை, 2018-க்குள் தேவையைவிட ஏறத்தாழ 5,500 ரிப்போர்ட்டர்கள் குறைவாக இருப்பார்கள் என்று கணித்தது. பணியில் இருப்பவர்களில் பலர் ஓய்வு பெறும் வயதினர், பள்ளிகளோ குறைந்துவிட்டன. இந்தப் பற்றாக்குறை இரு முனையிலும் கூரானது. இன்றைக்கு வேலை எளிதில் கிடைக்கக் காரணமும் அதுவே, ஆள் கிடைக்காத நீதிமன்றங்கள் ஒலிப்பதிவுக்கு மாறக் காரணமும் அதுவே. என் மதிப்பீட்டில், உரிமம் கட்டாயமாக உள்ள மாநிலங்களில் நல்ல வேகமுள்ள ஸ்டெனோ ரிப்போர்ட்டருக்கு இன்னும் பல ஆண்டுகள் வேலை இருக்கும். 200 சொல்லோடு நின்று, உடனுக்குடன் திரையில் எழுத்தைக் காட்டும் திறன் இல்லாதவருக்கு அந்த உறுதியை நான் தர மாட்டேன். ஆகவே ஆர்.பி.ஆரோடு நிறுத்திக்கொள்ளாமல், 96 விழுக்காடு துல்லியத்தோடு உடனடி எழுத்தாக்கத்தைச் சோதிக்கும் சி.ஆர்.ஆர். சான்றிதழையும் இலக்காக வையுங்கள். அதே திறன் தொலைக்காட்சிக்கு நேரலை வசனம் எழுதவும், செவிக்குறைபாடு உள்ள மாணவருக்கு வகுப்பறைப் பேச்சைத் திரையில் தரவும் பயன்படும்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்குப்படி 2023-இல் இத்தொழிலின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 64,000 டாலர். நீதிமன்ற ஊழியருக்கு மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு, பல இடங்களில் எழுத்துப்படிக்குப் பக்கக் கணக்கில் தனித் தொகையும் உண்டு. தனித்து இயங்குபவருக்குப் பக்கக் கணக்குதான் எல்லாம், ஒரே டெபசிஷனின் படியை எத்தனை தரப்பினர் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த வாரத்தின் வரவு அமையும்.

கேள்வி கேட்டவரின் பிட்மன் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பழக்கம் கொஞ்சமும் உதவாது. எழுத்துக்கூட்டலை மறந்து ஒலியைக் கேட்கும் பழக்கம், தொடர்களை ஒன்றாகச் சேர்த்து எழுதும் மனப்போக்கு, பேச்சுக்குப் பின்னால் ஓடும் நிதானம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருப்பதால், தியரிக் கட்டத்தில் அவர் மற்றவர்களைவிட முந்திச் செல்வார். தட்டச்சு வேகம் தேவைப்படுவது பின்னர், எழுத்துப்படியைத் திருத்தும்போது.

அந்தத் திருத்தும் வேலையே தனித் தொழிலாகவும் இருக்கிறது. வேலைப்பளு மிக்க ரிப்போர்ட்டர்கள் தம் முதல் வரைவை ஸ்கோப்பிஸ்ட் எனப்படுபவருக்கு அனுப்புகிறார்கள். அவர் ஒலிப்பதிவைக் கேட்டபடியே விடுபட்டதைச் சேர்த்து, ஒலியொத்த சொற்களைச் சரிசெய்து, நிறுத்தக்குறியிட்டுத் திருப்பி அனுப்புகிறார், கூலி பக்கக் கணக்கில். ஸ்டெனோ குறிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வேகமாக எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதற்கு உரிமம் எதுவும் கேட்பதில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம். 140-இல் தேங்கி நிற்கும் மாணவர் அதைச் செய்துகொண்டே வேகப் பயிற்சியைத் தொடர்ந்தால், படிப்புச் செலவில் ஒரு பகுதி திரும்ப வரும். தேர்ந்த ரிப்போர்ட்டர் ஒருவர் எந்தத் தொடரை எப்படிச் சுருக்கி எழுதுகிறார் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் வாய்ப்பும் அதில் கிடைக்கும்.